வைக்கோலும் காளானும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார்கள், இசை பொழிவார்கள், குழந்தைகள் நாடகம் ஆடுவார்கள். இவற்றுக்கு நடுவே மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேச எழுவது பொருத்தமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இது நாம் தேடிச் சென்ற பொருளன்று. நம்மைத் தேடி வந்த பொருள். ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் இத்தலைநகரின் வானம் மங்கிப் போகிறது. தீபாவளிக்கு வாங்கிய புத்தாடையை உடுத்துக்கொண்டு குழந்தைகள் இருமுகின்றன. பள்ளிகளை மூடுகிறார்கள். அந்தப் புகை முழுவதும் வயலிலிருந்து வருவதன்று. நம் வண்டிகளும், கட்டடத் தூசியும், ஆலைகளும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. எனினும் அந்த வாரங்களில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயல்களில் எரியும் நெல் வைக்கோலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

அப்போதெல்லாம் நம் காலனியில், குறிப்பாக நம் தாய்மார்களிடையே, ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "நம் ஊரில் மாடு தின்கிற வைக்கோலை இவர்கள் ஏன் கொளுத்துகிறார்கள்?" என்பதே அக்கேள்வி. இதை அறியாமையால் எழுந்த கேள்வியென்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அறுவடை முடிந்ததும் போர் போட்டு, மழைக்கு மேலே கூரை வேய்ந்து, ஆண்டு முழுவதும் கட்டுக்கட்டாகப் பிடுங்கிப் போட்டு மாட்டைக் காத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். வைக்கோற்போர் இருக்கும் வீட்டுக்கே பெண் கொடுத்த காலமும் உண்டு. அந்தக் கண்ணுக்கு வைக்கோல் எரிவது சோறு எரிவது போலத்தான் தோன்றும்.

கேள்விக்கு விடை சொல்வோம். பஞ்சாப் உழவருக்கும் மாட்டுக்கு வைக்கோல் போடத் தெரியும். ஆனால் அவர் போடுவது கோதுமை வைக்கோல். 'பூசா' என்று பொடியாக நறுக்கிச் சேர்த்து வைத்துக்கொள்வார். குளிர்காலத்தில் அதனோடு பர்சீம் என்னும் பசுந்தீவனத்தையும் கலப்பார். கோதுமையை இயந்திரம் அறுத்தாலும், பின்னால் வேறோர் இயந்திரத்தை ஓட்டி எஞ்சிய தாளை பூசாவாக்கி எடுத்துக்கொள்வார். நெல் அங்கே பரவியது பசுமைப் புரட்சிக்குப் பின்னர்தான். நெல்லின் வைக்கோலை அங்குள்ள எருமை விரும்புவதில்லை; உழவரும் விரும்புவதில்லை. பாஸ்மதி நெல்லின் வைக்கோல் மட்டும் விலக்கு. அதைக் கையால் அறுத்த இடங்களில் தீவனமாகச் சேர்க்கிறார்கள்.

இதற்கு மேல் காலமும் நெருக்குகிறது. நிலத்தடி நீர் கீழே இறங்கிக்கொண்டே போனதால், 2009-ஆம் ஆண்டில் பஞ்சாபில் ஒரு சட்டம் செய்தார்கள். ஜூன் 10-ஆம் தேதிக்கு முன்னர் நெல் நடலாகாது என்பது அச்சட்டம். தண்ணீரைக் காக்கச் செய்த நல்ல சட்டம்தான். நடவு தள்ளிப்போனதும் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நவம்பர் நடுவிலாவது கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரமே. அறுவடை இயந்திரமோ கதிரை மட்டும் கொய்து, அரிதாளை முழங்கால் உயரத்துக்கு நிறுத்திவிட்டு, மீதியை வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. அதைத் திரட்டி, கட்டி, வண்டியேற்றக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு தீக்குச்சிக்குக் கூலி இல்லை.

ஆகவே, 'ஏன் கொளுத்துகிறார்கள்' என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி அடங்கியிருக்கிறது. நெல் வைக்கோல் இன்னும் கொஞ்சம் நல்ல தீவனமாக இருந்திருந்தால், அந்தக் கூலியைக் கொடுக்க ஆள் முன்வந்திருக்க மாட்டாரா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இதுவே. வைக்கோலை நல்ல தீவனமாக்க இயலுமா? இதற்குக் காளான் துணை செய்யும் என்று பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் சொல்லி வருகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

முதலில் வைக்கோலுக்குள் என்ன இருக்கிறது என்று காண்போம். அதில் பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்னும் இரண்டு நார்ப்பொருள்கள். இவ்விரண்டும் சர்க்கரை மணிகளைக் கோத்த மாலைகளே. அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரை மணிகளின் மாலைதான். கோத்திருக்கும் விதம்தான் வேறு. அப்படியானால் வைக்கோற்போர் என்பது ஒரு பெரிய சர்க்கரைக் குவியல் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், ஆனால் பூட்டி வைத்த குவியல். லிக்னின் என்னும் கட்டைப்பொருள் அந்த மாலைகளைச் சுற்றி, சுவரில் சுண்ணச்சாந்து போல இறுகிக் கிடக்கிறது. செடி நிமிர்ந்து நிற்பதற்கு அது வேண்டும். கதிர் முற்றி வைக்கோலாகும்போது அது மேலும் இறுகிவிடுகிறது.

நெல் வைக்கோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிகா என்னும் மணற்சத்து நூற்றுக்குப் பத்துப் பங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. கோதுமை வைக்கோலில் இது குறைவு. நெல்லின் இலையோரம் கையை அறுப்பது இதனால்தான். அந்த மணற்சத்து இலையில்தான் மிகுதி. ஆகவே நெல்லில் இலையைவிடத் தண்டே மாட்டுக்கு எளிதில் செரிக்கும். கோதுமையில் இது தலைகீழ். இயந்திரம் உயரமாக அறுத்துத் தண்டின் அடிப்பகுதியை வயலிலேயே விட்டுச் செல்லும்போது, தீவனத்தில் சிறந்த பாகம் அரிதாளோடு போய்விடுகிறது. புரதமோ நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செவ்வையாகப் பெருக இது போதாது. வைக்கோலில் உள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. நம் பாட்டிமார்கள் வைக்கோலோடு தவிடும், பிண்ணாக்கும், பருத்திக்கொட்டையும், கழுநீரும் வைத்தது இந்தக் குறைகளை அனுபவத்தால் உணர்ந்து நிரப்பியதேயாகும்.

அடுத்து மாட்டின் வயிற்றைப் பார்ப்போம். பசுவுக்கும் எருமைக்கும் முதல் வயிறு ஒரு பெரிய தொட்டி. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதனுள் கோடி கோடியாக நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலை உண்மையில் செரிப்பவை அவையே; மாடு அவற்றுக்கு உணவிட்டு, அவை ஆக்கித் தருவதையும் பின்னர் அவற்றையுமே உண்டு வாழ்கிறது. அந்தக் கூட்டத்தில் காளான் இனமும் உண்டு என்பது 1975-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் என்னும் ஆராய்ச்சியாளர், ஆட்டின் வயிற்றில் நீந்தித் திரிந்த ஓருயிரைக் காளானின் வித்து என்று காட்டினார். காற்றே இல்லாத இடத்தில் காளான் வாழும் என்பதைப் பலர் நம்பவில்லை. பின்னர் நம்பினார்கள். இக்காளான்கள் வைக்கோல் துணுக்கில் வேரூன்றி, ஆப்படித்தாற்போல அதைப் பிளந்து, மற்ற நுண்ணுயிர்கள் உள்ளே நுழைய வழி செய்கின்றன.

ஆனால் எத்தனை உயிர்கள் வாழ்ந்தாலும் அத்தொட்டிக்குள் லிக்னினை முறையாக உடைக்க ஆளில்லை. இதற்குக் காரணம் தெளிவானது. லிக்னினை உடைப்பதென்பது ஒருவகையில் அதை மெல்ல எரிப்பது. அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். மாட்டின் வயிற்றில் ஆக்ஸிஜன் இல்லை. ஆகவே பூட்டைத் திறக்கும் வேலை மாட்டுக்கு வெளியே, தீவனம் வாய்க்குள் போவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

வெளியே அந்த வேலையைச் செய்யும் உயிர் உலகில் உண்டா? உண்டு, நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மழைக்காலத்தில் விழுந்து கிடக்கும் மரக்கட்டையில் சிப்பி சிப்பியாகக் காளான் முளைக்கிறது. நாளடைவில் அக்கட்டை வெளுத்து, பஞ்சு போல் மென்மையாகி, விரலால் பிய்த்தால் இழை இழையாக வருகிறது. மரத்திலிருந்த பழுப்பு நிறப் பொருள் லிக்னின். அதைக் காளான் அகற்றியதால் வெண்மையான செல்லுலோஸ் எஞ்சி நிற்கிறது. இக்காளான்களை வெண்மட்கல் காளான்கள் என்று சொல்லலாம். தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் தென்பகுதிக் காடுகளில், இவ்வாறு வெளுத்து மட்கிய மரத்தையே மாடுகள் தின்கின்றன என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மரக்கட்டையே மாட்டுத் தீவனமாகுமென்றால், வைக்கோல் ஆகாதா?

காளான் இதை எவ்வாறு செய்கிறது? அதற்குப் பல்லும் இல்லை, வயிறும் இல்லை. தான் உண்ண வேண்டிய பொருளின்மேல் நொதிகள் என்னும் பொருள்களைச் சுரந்து, வெளியிலேயே செரித்து, கரைந்து வந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. நொதிகளை என்ஸைம் என்றும் சொல்வோம். பாலைத் தயிராகப் புளிக்கச் செய்வதும், மாவைப் புளிக்கச் செய்வதும் நுண்ணுயிர்களின் நொதிகளே. வெண்மட்கல் காளானிடம் லிக்னினுக்கென்றே சில நொதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான லாக்கேஸை 1883-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் கண்டார்கள். லிக்னின் பெராக்ஸிடேஸ் என்ற மற்றொன்றைக் காளானிலிருந்து கண்டது சரியாக நூறாண்டு கழித்து, 1983-இல். இரண்டுக்கும் இடையே உலகில் எத்தனையோ மாறிவிட்டன; லிக்னின் மட்டும் தன் மறையை விட்டுக்கொடுக்காமல் இருந்தது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வைக்கோலின் உட்சுவரில் இருக்கும் துளைகளைவிட இந்நொதிகள் பருமனானவை. அவற்றால் உள்ளே நுழைய இயலாது. ஆகவே காளான் தந்திரம் ஒன்று செய்கிறது. மாங்கனீஸ் போன்ற சிறு பொருள்களை நொதியைக் கொண்டு முறுக்கேற்றி, அவற்றை உள்ளே அனுப்புகிறது. கோட்டை மதில் உயரமென்றால் படை வெளியே நிற்க, ஒற்றர் மட்டும் உள்ளே நுழைவதில்லையா? அப்படித்தான்.

செல்லுலோஸை உடைக்கும் நொதிகளின் கதை வேறு. அது ஒரு போர்க்கதை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் முகாமிட்ட அமெரிக்கப் படையின் கூடாரங்களும், பைகளும், துணிகளும் காட்டின் ஈரத்தில் நைந்து கிழிந்தன. காரணம் தேடியபோது பருத்தித் துணியின் செல்லுலோஸைத் தின்னும் பூஞ்சணங்கள் அகப்பட்டன. 1944-இல் பூகன்வில் தீவில் கிடைத்த ஒரு பூஞ்சணம் அவற்றுள் மிக வலியது. அதை ஆராய்ந்தவர்களில் தலையாயவர் எல்வின் ரீஸ் என்பவர். அவர் பெயரால் பின்னர் அதற்கு டிரைக்கோடெர்மா ரீஸை என்று பெயரிட்டார்கள். துணியைக் காக்க அதை ஒழிக்க வேண்டுமென்று தொடங்கிய ஆராய்ச்சி, அதையே வளர்த்து நொதி எடுப்பதில் போய் முடிந்தது. இன்று துணி சோப்பிலும், ஜீன்ஸ் துணியை வெளுக்கும் ஆலையிலும், பழச்சாறு பிழியும் இடத்திலும் வேலை செய்யும் நொதிகளில் பல அந்தப் பூஞ்சணத்தின் வழிவந்தவை.

சரி, நொதி இருக்கிறது, காளான் இருக்கிறது, வைக்கோலும் மலைமலையாக இருக்கிறது. நம் நாட்டில் ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்கு மேல் பயிர்க்கழிவு சேர்கிறது என்கிறார்கள். பஞ்சாபின் நெல் வைக்கோல் மட்டும் ஏறக்குறைய 2 கோடி டன். பிறகு என்ன தடை? அதைக் கர்னாலில் கேட்க வேண்டும்.

கர்னால் இங்கிருந்து வடக்கே சுமார் 125 கிலோமீட்டர். அங்கிருக்கும் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் 1923-இல் பெங்களூரில் தோன்றி, 1955-இல் கர்னாலுக்கு இடம் பெயர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கே வந்து குடியேறியதில் அது நமக்கு மூத்த தோழர் என்றே சொல்லலாம். நம்மைப் போலவே பெங்களூரில் ஒரு வீட்டையும் விடாமல் வைத்திருக்கிறது. 1980-களில் இந்தியாவும் நெதர்லாந்தும் சேர்ந்து, பயிர்க்கழிவுகளைத் தீவனமாக்கும் பெரிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை மேற்கொண்டன. அக்காலத்தில் கர்னாலில் உருவான முறைக்கு 'கர்னால் முறை' என்றே பெயர்.

அதன் முதற்படி யூரியா. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று நான்கு வாரம் வைப்பார்கள். யூரியாவிலிருந்து அம்மோனியா பிறந்து லிக்னினின் பிடியைத் தளர்த்தும். புரதக் கணக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆனால் மூட்டத்தைத் திறந்ததும் அம்மோனியாவில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றமே அதற்குச் சாட்சி. இரண்டாம் படியில்தான் காளான் வருகிறது. வீணாகும் அம்மோனியாவைப் பிடித்துப் புரதமாக்கிக்கொள்ளும் ஒரு காளானைத் தேடினார்கள். கொப்ரினஸ் என்னும் வகை அகப்பட்டது. சாணத்தில் முளைத்து, மாலைக்குள் கரிய மையாக உருகிவிடும் குடைக்காளானை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதன் இனம். மற்றக் காளான்கள் அஞ்சி ஓடும் அம்மோனியாவில் அது வளரும். எருவில் பிறந்த பிள்ளைக்கு நாற்றம் ஒரு பொருட்டா!

எண்ணம் மிக அழகானது. ஆயினும் அம்முறை கிராமத்து முற்றத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுவோம். இது விளங்குவதற்காக நாம் போடும் கணக்கு. எந்த ஆய்வின் முடிவும் அன்று.

நூறு கிலோ வைக்கோலில் மாட்டுக்குச் செரிப்பது 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காளானை விதைத்தோம். காளான் நமக்குச் சம்பளமில்லாமல் உழைக்குமா? அதுவும் உண்டுதான் உழைக்கும். அது 20 கிலோவைத் தின்று மூச்சாக விட்டுவிட்டது. கையில் இருப்பது 80 கிலோ. அதில் நூற்றுக்கு 55 பங்கு செரிக்கும்படி ஆகியிருக்கிறது. ஆகா, 45 ஆக இருந்தது 55 ஆயிற்றே என்று மகிழ்கிறோம். ஆனால் 80 கிலோவில் 55 பங்கு எவ்வளவு? 44 கிலோ. முன்பு 45 கிலோ இருந்தது! பாடுபட்டதெல்லாம் ஒரு கிலோ இழப்பதற்காகவா?

ஆகவே எல்லாக் காளானும் இதற்குப் பயன்படா. லிக்னினை மிகுதியாகவும் செல்லுலோஸைக் குறைவாகவும் தின்னும் காளான்தான் வேண்டும். சமையற்கட்டில் உதவிக்கு வந்தவர் பாத்திரத்தைத் திறந்துவிட்டுப் பாயசத்தைத் தொடாமல் போக வேண்டும். அத்தகையவரை எங்கே தேடுவது? இருக்கிறார்கள், சிலர். சிப்பிக் காளானின் சில வகைகளும், செரிபோரியாப்சிஸ் என்ற ஒரு வெண்மட்கல் காளானும் இத்தகையவை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் இவை மெல்ல வேலை செய்பவை. பல வாரங்கள் வேண்டும். அதுவரை வேறு பூஞ்சணம் நுழையாதிருக்க வைக்கோலை வெந்நீரிலோ ஆவியிலோ வேக வைக்க வேண்டும். ஆய்வுச்சாலையில் ஒரு குடுவைக்கு இதைச் செய்வது எளிது. ஒரு வண்டி வைக்கோலுக்குச் செய்ய எவ்வளவு விறகு, எவ்வளவு தண்ணீர், எத்தனை ஆள்?

இங்கே இன்னொன்றும் கேட்பார்கள். சிப்பிக் காளான் வளர்த்து விற்போர் வைக்கோலைத்தானே வேக வைத்துப் பயன்படுத்துகிறார்கள்? காளானை மனிதருக்கும், மிஞ்சிய வைக்கோலை மாட்டுக்கும் கொடுக்கலாகாதா? நல்ல கேள்வி. வைக்கோலில் காளான் வளர்ப்பது நமக்குப் புதிதன்று. 1940-களிலேயே கோயம்புத்தூரில் அதற்கு முறை வகுத்தார்கள். அது 'வைக்கோல் காளான்' என்ற வகை. லிக்னினை அவ்வளவாகத் தொடாது. அதன் மிச்சம் எருவுக்கே ஏற்றது. சிப்பிக் காளானின் மிச்சம் ஓரளவு பயன்படும். ஆனால் சத்தில் ஒரு பங்கு காளானோடு சந்தைக்குப் போய்விடுகிறது. மணற்சத்து போகாமல் அப்படியே தங்கி, விகிதத்தில் கூடிவிடுகிறது. அறுவடையை இரண்டு மூன்றென நீட்டாமல் முன்னதாக நிறுத்தினால் மாட்டுக்கு நல்லது, விற்பவருக்கு நட்டம். ஒரே வைக்கோலில் இருவரையும் நிறைவு செய்வது எளிதன்று.

அப்படியானால் உயிருள்ள காளானை விட்டுவிட்டு அதன் நொதியை மட்டும் எடுத்துத் தெளித்தால் என்ன? நொதி வைக்கோலைத் தின்னாதல்லவா? பெங்களூரில் 1995-இல் தொடங்கிய தேசியக் கால்நடை ஊட்டம் மற்றும் உடலியல் நிலையம் முதலிய இடங்களில் இந்த வழியில் உழைக்கிறார்கள். வெண்மட்கல் காளானின் லாக்கேஸ் முதலிய நொதிகளைப் பிரித்தெடுத்து, கேழ்வரகுத் தாள் போன்றவற்றின்மேல் ஏவிப் பார்க்கிறார்கள். இது நம் மனத்துக்கு நம்பிக்கை தரும் வழி. ஆனால் முன்னர்ச் சொன்ன தடை இங்கே மறுபடியும் குறுக்கிடுகிறது: நொதி பருமனானது, காளானில்லாமல் தனியே நின்றால் அதன் ஒற்றர் படையும் குறைவு. விலையும் பார்க்க வேண்டும். கோழித் தீவனத்தில் பூஞ்சண நொதிகளைச் சேர்ப்பது 1990-களிலிருந்து உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. கோழி தின்பது விலையுயர்ந்த தானியம். அதில் சிறிது மிச்சமானாலும் நொதியின் விலை திரும்பிவிடும். வைக்கோலோ கொளுத்துமளவுக்கு மலிந்தது. மலிந்த பொருளின்மேல் விலையுயர்ந்த பொருளைத் தெளிக்க உழவர் கை தயங்குகிறது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. மாதக் கடைசியில் நாமும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறோம்.

பணமுள்ள இடத்தில் அதே நொதி தயங்காமல் வேலை செய்வதற்கும் சான்று அருகிலேயே இருக்கிறது. கர்னாலுக்குப் போகும் வழியில் பானிபட்டில், 2022 ஆகஸ்டில் ஓர் ஆலையைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை எடுத்து, நொதியால் சர்க்கரையாக்கி, 3 கோடி லிட்டர் எரிசாராயம் வடிப்பது அதன் திட்டம். வைக்கோலின் பூட்டு திறக்கக் கூடியதே என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டா. ஆனால் அங்கே உண்பது மோட்டார் வண்டி. 2020-இல் தில்லி பூசா நிலையத்தார் தந்த காளான் குளிகையும் வேறொரு வழி: நான்கு குளிகையை வெல்லமும் கடலைமாவும் கலந்த நீரில் பெருக்கி, ஒரு ஹெக்டேர் அரிதாளின்மேல் தெளித்தால் அது வயலிலேயே மட்கி எருவாகும் என்றார்கள். அதற்கும் மூன்று வாரம் போல வேண்டும். உழவரிடம் இல்லாதது அந்த மூன்று வாரந்தான். எருவாவது நன்றே, எரிவதைவிட நூறு மடங்கு நன்று. எனினும் வறண்ட மாவட்டங்களில் கோடையில் தீவனமின்றி மாட்டை விற்கும் சிறு உழவரை நினைக்கும்போது, மாட்டின் வாய்க்குப் போக வேண்டிய பொருளுக்கு வண்டியும் மண்ணும் முந்திக்கொள்கின்றனவே என்ற எண்ணம் எழாமலில்லை. பால் உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனச் செலவே. நாம் பால் சாவடியில் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அது இருக்கிறது.

இன்றைய நிலையில் சிறு உழவருக்குக் கைவந்த முறை யூரியா முறையொன்றே. அதுவும் பசுந்தீவனம் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் வேண்டியதில்லை. வைக்கோல் தவிர வேறில்லாத கோடையில், ஓரளவு பால் தரும் மாட்டுக்கு அது பலன் தரும். யூரியாவைச் சரியாகக் கரைத்து, சரியான நாள் வைத்து, திறந்து ஆற விட்டே கொடுக்க வேண்டும். கட்டியாக மாட்டின் வாயில் போனால் அது நஞ்சு. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. காளானும் நொதியும் இதற்கு அடுத்து வர வேண்டியவை. உழவரிடம் தனித்தனியே அல்லாமல், வைக்கோலைக் கட்டு இயந்திரத்தால் திரட்டி, ஒரு கூட்டுறவுப் பால் சங்கத்தின் தீவனச் சாலையில் மொத்தமாகச் செய்தால் கணக்கு நேராகக்கூடும் என்பது நம் கருத்து. வைக்கோலை வேக வைக்கும் அடுப்பும், தண்ணீரும், நொதியின் விலையும் பலர்மேல் பரவினால்தான் சுமை குறையும். பஞ்சாபில் கட்டு இயந்திரம் வந்துவிட்டது. நம் காவிரிப் பகுதியிலும் வந்துவிட்டது. அந்தக் கட்டு கொதிகலனுக்குப் போகிறதா, தொழுவத்துக்குப் போகிறதா என்பது கொடுக்கும் விலையைப் பொறுத்தது.

இறுதியாக, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். காளான் வைக்கோலை நல்ல தீவனமாக்கும் என்று கேட்டதும், 'பூசணம் பூத்த ரொட்டியை வாசலில் வரும் பசுவுக்குப் போடலாம் போலிருக்கிறது' என்று யாரேனும் எண்ணிவிடலாம். கூடவே கூடாது. நாம் பேசியது தேர்ந்தெடுத்த, நஞ்சற்ற காளானைத் தூய்மையாக வளர்ப்பதைப் பற்றி. தானாகப் பூத்த பூசணம் எதுவென்று யாரறிவார்? பஞ்சாபில் ஈரத்தில் கெட்ட நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளுக்குக் குளிர்காலத்தில் வாலும், காதும், கால் குளம்பும் அழுகி விழும் ஒரு நோய் வருவதுண்டு. தேக் நாலா என்னும் நீரோடைப் பகுதியில் முதலில் கண்டதால் 'தெக்னாலா நோய்' என்று அதற்குப் பெயர். பூசணத்தின் நஞ்சே அதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். நெல் வைக்கோலை அங்குள்ளோர் வெறுப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மாண்டன. பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பசு தின்றால், உருமாறிப் பாலில் இறங்குகிறது. பால் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. எவ்வளவு பொங்க விட்டாலும் அழிவதில்லை. ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று நம் நாட்டு உணவுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அதாவது நூறு கோடியில் அரைப் பங்கு. ஆகவே பசுவுக்குப் போட விரும்பும் தாய்மார்கள் அன்றைய ரொட்டியையும், காய்கறித் தோலையும் போடுங்கள். நாலு நாள் டப்பாவில் கிடந்து பச்சை பூத்ததைக் குப்பையிலேயே சேர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கட்டாமல்.